கயிற்றில் இறங்கிய மிக்ஸி

என் அண்ணி புஷ்பலதாவை யாராலும் ஏமாற்ற முடியாது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். காய்கறிக்காரியிடம் சொல்வாள், டாக்சிக்காரனிடம் சொல்வாள், கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணனிடம் போனில் வாரம் தவறாமல் சொல்வாள். "என்னை ஏமாத்துறவன் இனிமேதான் பொறக்கணும்" என்பாள். அப்படிப்பட்டவன் எப்போதோ பிறந்து, வளர்ந்து, போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரங்கூனின் தாகேதா பகுதியில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே வந்து நின்றான்.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணிக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட, ஆனால் அவளுடைய முழங்கால்களுக்கு ரொம்ப வயதாகிவிட்டது. ஆகவே ரங்கூனில் எல்லா மாடி வீடுகளையும் போல எங்கள் பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், பால், கீரை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கயிற்றில்தான் ஏறும், காலிப் பாத்திரமும் காசும் கயிற்றில்தான் இறங்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் மனிதர்களின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். அண்ணி இந்தத் தெருவில் பாதிப் பேரை உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்வாள்.

அன்றைக்குக் காலை கரண்ட் வந்தது. வந்ததும் தெருவே "மீ லாபி!" என்று கூவியது. விளக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கூவல் அடங்குவதற்குள் தண்ணீர் மோட்டார் போட வேண்டும், போன் சார்ஜ் போட வேண்டும், சட்னி அரைக்க வேண்டும், ஏனென்றால் எப்போது போகும் என்று மின்சாரத்துக்கே தெரியாது. அண்ணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டாள். அண்ணனின் கப்பல் சென்னையில் நின்றபோது அவர் வாங்கி வந்த மிக்ஸி ஒரு தடவை உறுமியது, பிறகு புகைவிட்டு நின்றது.

அண்ணி பால்கனிக்குப் போய் ரிப்பேர் கடை சுரேந்திரனுக்குப் போன் போட்டாள். அவளுக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. "சுரேந்திரா! மிக்ஸி புகையுதுப்பா! யாரையாவது அனுப்பு! ஆமா, அஞ்சாம் மாடி, மா புஷ்பா வீடு!" என்று, பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஒரு 'மா' சேர்த்து அவள் கத்தியது சுரேந்திரனுக்குக் கேட்டதோ என்னவோ, தெருமுனை டீக்கடைக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். எங்கள் டீ ஆறுவதற்குள் கயிற்று மணி அடித்தது.

"அக்கா! சுரேந்திரன் அண்ணன் அனுப்பிச்சாரு. மிக்ஸிதானே?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். நல்ல அடர்த்தியான முடி, அதில் இரண்டு சுழி.

"ஆமாப்பா! மேலே வர்றியா?"

"எதுக்குக்கா மேலே? உங்களுக்கு ஏன் கதவைத் திறக்குற சிரமம்? கயித்துல விடுங்க."

அந்த நிமிஷமே அண்ணிக்கு அவனைப் பிடித்துவிட்டது. "பாரு ராணி, மரியாதை தெரிஞ்ச புள்ள. தமிழும் நல்லாப் பேசுது" என்று சொல்லிக்கொண்டே மிக்ஸியைக் கூடையில் வைத்துப் பழைய சேலையால் சுற்றிக் கட்டினாள். இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினோம். மூன்றாம் மாடிக் கம்பியில் கூடை இடித்தபோது அவன் கீழிருந்து "பாத்துக்கா, பாத்து!" என்று பதறினான்.

"ஜாரும் விடுங்கக்கா. ஜார் இல்லாம எப்படி ஓட்டிப் பாக்குறது?"

ஜார் இறங்கியது.

"சின்ன ஜாரு?"

"அது நல்லாத்தான்பா இருக்கு."

"எதுல கோளாறுன்னு தெரியணும்லக்கா."

நியாயம்தானே! எல்லா ஜாரும் இறங்கின. மூடிகளை நாங்கள் மறந்துவிட்டோம், அவன் மறக்கவில்லை. பிறகு அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. நம்ம வேலைக்காக வந்த பிள்ளை வெறும் வாயோடு போவதா என்று ஒரு டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இறக்கினாள். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"அக்கா, மோட்டார் நனைஞ்சா வீணாப் போயிரும்! ஒரு குடை இருக்கா?"

"ஐயோ, ஆமாப்பா! இரு, இரு!"

கோவிலுக்குப் போகும்போது மட்டும் பிடிக்கும் மஞ்சள் குடையை அண்ணி கயிற்றில் மாட்டினாள். அவன் அதை விரித்து, கூடையைத் தோளில் வைத்து, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தான். அண்ணி அவன் முனை திரும்பும்வரை பால்கனியில் நின்று, "பள்ளம் பாத்துப் போ தம்பி!" என்று வழியனுப்பினாள்.

மழை விட்டபிறகு மறுபடியும் மணி அடித்தது. கீழே பளபளவென்று ஒரு வழுக்கைத் தலை. தாகேதா முழுவதும் தேடினாலும் அப்படியொரு வழுக்கை சுரேந்திரன் ஒருவனுக்குத்தான்.

"அக்கா, மழையில லேட்டாயிருச்சு. மிக்ஸியை இறக்குங்க!"

அண்ணி சிரித்தாள். "என்னப்பா சுரேந்திரா, உன் ஆளு அப்பவே வாங்கிட்டுப் போயிட்டானே!"

"என் ஆளா? எனக்கு ஏதுக்கா ஆளு?"

அண்ணி பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ! வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. மிக்ஸி போனதற்குச் சிரிக்கவில்லை. அந்த மூடிகளை நினைத்தேன், அந்த டீயை நினைத்தேன், "பள்ளம் பாத்துப் போ தம்பி"யை நினைத்தேன், தாங்க முடியவில்லை. அண்ணி கையில் கிடைத்த கரண்டியை என் மேல் வீசினாள். குறி தவறி அது தெருவுக்கு இறங்கியது.

"சிரிக்கிறியாடி? வெள்ளிக்கிழமை என்ன நாளுன்னு மறந்துட்டியா?"

என் சிரிப்பு நின்றது. ஆமாம், வெள்ளிக்கிழமை.

எங்கள் அம்மன் கோவிலில் வருஷா வருஷம் தீமிதித் திருவிழா. அன்றைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அதற்கான அரிசி, நெய், முந்திரி எல்லாம் உக்கிராண அறைக்குள் போகும். போகிற எடையில் வெளியே வராது. நெய் டின்னுக்குக் கால் முளைக்கும், முந்திரிக்குச் சிறகு முளைக்கும். போன வருஷப் பொங்கலில் முந்திரி வாசனை இருந்தது, முந்திரி இல்லை. உக்கிராணச் சாவி என்றைக்குமே ஆண்கள் இடுப்பில்தான் தொங்கியது. போன கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்றாள். "சாவியை என்கிட்ட கொடுங்க. ஒரு முந்திரி குறைஞ்சா என் மூக்குத்தியைக் கழட்டி உண்டியல்ல போடுறேன்" என்றாள். பெண்கள் பக்கம் கைதட்டல் பறந்தது. தலைவர் விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமி, "அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு சொல்றோம்" என்றார். அன்றிலிருந்து அண்ணி அந்தச் சாவியைக் கனவில் மாட்டிக்கொண்டு நடந்தாள். எத்தனையோ வருஷம் வெங்காயம் உரித்து, பாத்திரம் விளக்கி, அந்த அறையின் கதவை வெளியே நின்றே பார்த்தவள் அவள்.

வீட்டு மிக்ஸிக்குக் குடை பிடித்துத் திருடனோடு அனுப்பியவளிடம் கோவில் நெய்யை எவன் கொடுப்பான்? அதுவும் தலைவர் விநாயகமூர்த்தி எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கிறார்.

"சுரேந்திரா" என்று அண்ணி போனில், வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "இது யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்க்கா."

"வெறும் சத்தியம் வேண்டாம். எதையாவது தொட்டுச் சொல்லு."

பாவம், அவன் ஐந்து மாடி கீழே நிற்கிறான், எதைத் தொடுவான்? எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மன் மேல ஆணையா நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். கயிறு ஆடியதில் மேலே மணி ஒரு தடவை அடித்தது.

மறுநாள் காலை நான் அம்மியில் சட்னி அரைத்தேன். அண்ணிக்கு மானம் முக்கியம், எனக்குத் தோள்பட்டை முக்கியம். அரைத்த கை கழுவியதுமே அஷ்ஃபாக்குக்குப் போன் போட்டேன். அஷ்ஃபாக் எங்கள் தெருப் பையன், வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். தீ விபத்துக்குப் பயந்து அண்ணன் அவனிடம் ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தார். அதில் திருட்டும் உண்டு. அவனிடம் பாலிசி எடுத்தவர்களில் அதுவரை ஒருவரும் கிளெய்ம் போட்டதில்லை. அதனால் தெருவில் அவனைக் காகித வியாபாரி என்றே கிண்டல் செய்வார்கள்.

அவன் ஐந்து மாடியையும் ஓடியே ஏறி வந்தான். கையில் ஒரு டப்பா ரவை அல்வா. திருட்டுப் போன வீட்டுக்கு அல்வா கொண்டு வந்த மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா! நிஜமாவே திருட்டாக்கா? அல்ஹம்து..." என்று ஆரம்பித்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். "ரொம்ப வருத்தமா இருக்குக்கா. கிளெய்ம் போட்டிருவோம். பணம் வந்துட்டா என் பேரு இந்தத் தெருவுல நிமிரும்."

"உன் பேரு நிமிரும், என் பேரு கவுந்துரும்" என்றாள் அண்ணி.

நடந்ததை நான் சொன்னேன். குடை வரும் இடத்தில் அஷ்ஃபாக்கின் உதடு துடித்தது, ஆனாலும் தொழில் பக்தியால் சிரிக்கவில்லை. "ஏமாத்தி வாங்கிட்டுப் போனாலும் திருட்டுதான்க்கா. கம்பெனி கொடுக்கும். ஆனா கட்டடத்துல ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ரெண்டாம் மாடி தலைவர் போட்டா மறுபேச்சே இல்ல."

"அவரைத் தவிர வேற வழி?"

"பூட்டை உடைச்சு எடுத்திருந்தா ஒரு போட்டோ போதும், சாட்சி வேண்டாம். இதுல பூட்டே உடையலையே" என்று சொல்லிவிட்டு அவன் கபடமில்லாமல் அல்வாவைப் பிட்டுத் தின்றான். அண்ணியின் பார்வை மெதுவாகக் கதவுப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

அவன் போனபிறகு வீட்டில் ஒரே கூத்து. அண்ணி கிளெய்ம் போடலாம் என்பாள், கூடத்துக்குப் போய்வந்து வேண்டாம் என்பாள். "ஒரு மிக்ஸிக்காகவா இத்தனை?" என்பாள், உடனே "ஏன் விடணும்? உங்கண்ணன் கட்டின காசு!" என்பாள். கடைசியில் அம்மன் படத்துக்கு முன்னால் பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் கிளெய்ம்.

அண்ணி கண்ணை மூடி எடுத்தாள். வெள்ளை.

"அம்மனுக்குச் சரியாக் கேக்கல" என்று மறுபடி எடுத்தாள். சிவப்பு.

"ஒண்ணுக்கு ஒண்ணு. ராணி, நீ எடு."

நான் எடுத்தேன். சிவப்பு! எனக்கு அம்மன் மேல் அப்படியொரு பக்தி பொங்கியது. "உத்தரவு ஆயிடுச்சு அண்ணி! தலைவர்கிட்ட போய்ச் சொல்லிரலாம்."

"கிளெய்ம் போடத்தான் உத்தரவு. தலைவர்கிட்ட சொல்லணும்னு பூவுல எழுதியிருக்கா?" என்றாள் அண்ணி. "பூட்டை உடைச்சிரலாம்."

"அண்ணி! அது பொய்!"

"என்னடி பொய்? நான் மட்டும் கயித்துல இறக்கலைன்னா அவன் பூட்டை உடைச்சுத்தானே எடுத்திருப்பான்? அவன் வேலையை நான் மிச்சம் பண்ணிக் கொடுத்துட்டேன். இப்ப அந்த மிச்ச வேலையை நானே செய்யறேன்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்ற தைரியத்தில், வெளிப்பக்கம் இரும்பு கேட்டைப் பூட்டிவிட்டு இருவரும் படிக்கட்டு ஓரத்தில் நின்றோம். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினாள். கையில் அம்மிக் குழவி.

ஒன்று போட்டாள். பூட்டு அசையவில்லை. இன்னொன்று போட்டாள். பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. யானை மிதித்தாலும் உடையாத பூட்டு வேண்டும் என்று கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியவள் அவள்தான். ஏமாறாமல் வாங்கிய ஒரே சாமான், இப்போது காலை வாரியது.

"சாவி போட்டுத் திறந்துட்டு உடைஞ்ச மாதிரி போட்டோ எடுத்தா?" என்றேன்.

"சும்மா இருடி!" என்று கத்திக்கொண்டே ஓங்கி ஒரு போடு போட்டாள். குழவி கை நழுவியது. கேட்டில் மோதி, படியில் விழுந்து, தடால் தடால் என்று நாலாம் மாடிக்கு உருண்டது. கட்டடமே அதிர்ந்தது. வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தவர்களெல்லாம் வீட்டில்தான் இருந்தார்கள்! கதவுகள் திறந்தன, செருப்புச் சத்தம், கூச்சல். எல்லோருக்கும் முன்னால் கைலியும் பனியனுமாகத் தலைவர் விநாயகமூர்த்தி, ஒரு கையில் தடி, மறு கையில் எங்கள் குழவி.

"என்னம்மா? திருடனா?"

தலைவர் கேட்டையும் பூட்டையும் பார்த்தார், அவரே கதையை எழுதிவிட்டார். "பூட்டை உடைக்கப் பாத்திருக்கான்! பின்படி வழியா ஓடிட்டானா?"

அண்ணியின் தலை ஆடியது. மேலும் கீழும், ஒரே ஒரு தடவை.

"ஏதும் போச்சா?"

"மிக்ஸி" என்றாள் அண்ணி, ஈனசுரத்தில். பூட்டு உடையாமலே மிக்ஸி எப்படிப் போனது என்று கேட்கும் நிதானம் அவருக்கு இல்லை.

தலைவர் படிக்கட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "திருடன்! மிக்ஸி திருடன்! பின்சந்தை அடைங்கடா!" என்று ஒரு கர்ஜனை கர்ஜித்தார். கீழே டீக்கடை முழுக்க எழுந்து ஓடியது. பின்சந்திலிருந்து சத்தம் வந்தது. "ஆம்பிட்டான்! ஆம்பிட்டான்! கையில மிக்ஸியோட ஆம்பிட்டான்!"

இல்லாத திருடன் எப்படி அகப்படுவான்? அண்ணி கேட்டைத் திறந்துகொண்டு பால்கனிக்கு ஓடினாள், பின்னாலேயே நானும் தலைவரும். அதற்குள் ஆளைப் பின்சந்திலிருந்து தெரு நடுவுக்கு இழுத்து வந்திருந்தது ஒரு கூட்டம். கூட்டத்தின் நடுவில், வெயிலில் மின்னியது ஒரு வழுக்கைத் தலை.

சுரேந்திரன்.

அம்மியில் அரைத்து நாங்கள் கஷ்டப்படுவோமே என்று, கடையில் கிடந்த பழைய மிக்ஸியொன்றைச் சரிசெய்து இரவலாகக் கொடுக்க எடுத்து வந்திருக்கிறான். குறுக்குவழி என்று பின்சந்தில் வந்தவனை அமுக்கிவிட்டார்கள். ஒருவன் அவன் கையை முறுக்கிப் பிடித்திருந்தான், சட்டைப் பொத்தான் தெறித்திருந்தது. "யாரு வீட்டு மிக்ஸி? எங்கே எடுத்தே?" என்று ஆளுக்கொரு கேள்வி. வார்டு ஆபீஸுக்கு இழுத்துப் போகலாம் என்றது ஒரு குரல். கை வைத்துவிட்டுப் போகலாம் என்றது இன்னொரு குரல்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அவங்களே கயித்துல இறக்கிக் கொடுத்துட்டாங்க, இது என் கடை மிக்ஸி" என்றால் விட்டுவிடுவார்கள். அவன் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் அல்லவா? வாயை இறுக்கி மூடிக்கொண்டு, எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்த்தான்.

மேலிருந்து எப்போதும் உச்சந்தலையைத்தான் பார்ப்போம் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குத்தான் அவன் முகத்தை நாங்கள் பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணியைப் பார்த்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைவர் தோளோடு தோள் உரச நிற்கிறார். அண்ணி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காய்கறிக்காரியைக் கூப்பிடும் அதே குரலில் கத்தினாள்.

"அடேய், விடுங்கடா அவரை! திருடன் அவரில்ல! பூட்டை உடைக்கப் பாத்தது நானு! மிக்ஸியைத் திருடன்கிட்ட கொடுத்ததும் நானுதான்! இந்தக் கயித்துல கட்டி இறக்கினேன்! ஜாரையும் இறக்கினேன்! மூடியையும் இறக்கினேன்! குடிக்க டீ கொடுத்தேன்! நனையாமப் போகட்டும்னு குடையும் கொடுத்தேன்! என்னை ஏமாத்திட்டான்டா! என்னை ஏமாத்திட்டான்! இப்ப விடுங்க அவரை!"

கையை முறுக்கியவன் முறுக்கிய கையை விட்டான். பிறகு டீக்கடைப் பக்கமிருந்து யாரோ, "குடையுமா?" என்று கேட்டார்கள்.

"ஆமா, மஞ்சள் குடை!" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். தெரு வெடித்தது. கீழே சிரித்தார்கள், எதிர் பால்கனிகளில் சிரித்தார்கள், விஷயம் புரியாத பர்மியர்களுக்குப் புரிந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் இரண்டாவது சுற்று சிரித்தார்கள். தலைவர் குழவியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, "மூடியுமா, அம்மா, மூடியுமா?" என்றார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. முழங்காலையும் பார்க்காமல் ஐந்து மாடியையும் இறங்கிப் போனாள். அத்தனை பேர் முன்னால் சுரேந்திரனின் முறுக்கிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சத்தியம் பண்ணிட்டேனேக்கா" என்றான் அவன், இதைக் கூடவா கேட்கிறாள் என்ற ஆச்சரியத்தோடு.

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? அண்ணி அங்கேயே நின்று அஷ்ஃபாக்குக்குப் போன் போட்டாள். அவன் காகிதத்தோடு பறந்து வந்தான். இரண்டு சாட்சி கேட்ட இடத்தில் தெருவே வரிசையில் நின்றது. தலைவரே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார், சிரிப்பில் கை ஆடியதால் பெயர் கோணிவிட்டது. பூட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நடந்தது நடந்தபடி. திருடனின் அடையாளம் என்ற இடத்தில் மட்டும் அண்ணி சொன்னபடி "ரெட்டைச் சுழி" என்று எழுதினான் அஷ்ஃபாக். பின்னால் மிக்ஸிக்குப் பணம் வரத்தான் செய்தது. குடைக்கு வரவில்லை. அது திருட்டில் சேராதாம், அண்ணி விரும்பிச் செய்த உதவியாம்!

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அண்ணி மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் உள்ளே நுழையும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிற்று. உக்கிராணப் பேச்சு வந்ததும் பழைய கமிட்டி ஆள் ஒருவர், "சாவியை அந்தம்மாகிட்ட கொடுத்தா நெய் டின்னைக் கயித்துல கட்டி இறக்கிருவாங்க, கூடவே ஒரு குடையும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! எழுந்துவிட்டேன்.

"ஆமாங்க, இறக்கினாங்க! இறக்கினதைத் தெருவுக்கே கேக்குற மாதிரி அவங்களே கத்திச் சொன்னாங்க! போன வருஷம் உக்கிராணத்துலேருந்து நெய் போச்சே, அதுக்கு முந்தின வருஷமும் போச்சே, எந்த ஆம்பளை எந்த பால்கனியில நின்னு கத்தினாரு? சொல்லுங்க, கேப்போம்!"

பின்வரிசையில் சிரிப்பு அணைந்தது. கேலி செய்தவர் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தலைவர் தொண்டையைச் செருமி, "யோசிச்சுச் சொல்றோம்" என்று கூட்டத்தை முடித்தார். வீடு வரும்வரை அண்ணி என் கையை விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கயிற்று மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். நரைத்த தலை, நடுவில் வகிடு. தலைவர்! கிளிப்பில் எதையோ மாட்டிவிட்டு, "இழும்மா!" என்று கைகாட்டினார். பெரிய பித்தளைச் சாவி, வெயிலில் மினுங்கியது.

நான் கயிற்றில் கை வைத்தேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது கயித்துல வர்ற சாமான் இல்லடி" என்றவள், குனிந்து, "தலைவரே! மேலே வந்து கையில கொடுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

அவர் இரண்டாம் மாடிக்காரர், ஐந்தாம் மாடி அவருக்கு இமயமலை. வழியெல்லாம் நின்று நின்று, முருகா முருகா என்று ஏறி வந்தார். அண்ணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். சாவியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினாள். அழுதாள், சிரித்தாள், தலைவருக்குத் தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டாள், நான்தான் கொடுத்தேன்.

அவர் கோவிலுக்குக் கிளம்பிக் கீழே போனதும் மழை கொட்டத் தொடங்கியது. மறுபடியும் மணி அடித்தது.

"அம்மா! என் வீட்டுக்குக்கூட இன்னொரு தடவை ஏற என்னால ஆகாது! ஒரு குடை இருந்தா இறக்குங்க!"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் குடையை எடுத்து வந்து, கிளிப்பில் மாட்டி, ஒரு கையால் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை விட்டாள். குடை இறங்கிக்கொண்டே போய், அவர் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது.

"தலைவரே! மொதல்ல மூஞ்சியைக் காட்டுங்க!"

கோவில் தலைவர் விநாயகமூர்த்தி, கொட்டுகிற மழையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினார். அண்ணி நன்றாகப் பார்த்துவிட்டு, மீதிக் கயிற்றை விட்டாள்.